அத்தியாயம் 6: வெள்ள வீடியோவிலிருந்து ஆற்றின் வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

2021 பிப்ரவரி 7 காலை, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரிஷிகங்கா, தௌலிகங்கா ஆறுகளில் சேறும் பாறையும் கலந்த பெருவெள்ளம் பாய்ந்து வந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பனியேரி ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். செயற்கைக்கோள் படங்களையும் மக்கள் கைபேசியில் எடுத்த வீடியோக்களையும் சேர்த்துப் பார்த்த பிறகே உண்மை தெரிந்தது. ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்திருந்தன. ரிஷிகங்கா மின்நிலையத்தின் அருகே வெள்ளத்தின் முகப்பு வினாடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் வந்ததும், தபோவன் பக்கம் போகப்போக அந்த வேகம் பாதியாகக் குறைந்ததும் அந்த வீடியோக்களிலிருந்து கணக்கிடப்பட்டவை. அப்படிப்பட்ட வெள்ளத்தின் நடுவே எந்த அளவுக்கருவியும் நின்று வேலை செய்யாது.

அதே வேலையைச் சிறிய அளவில் செய்ய இந்த அத்தியாயம் கற்றுத்தரும். யாரோ ஒருவர் கரையிலோ பாலத்திலோ நின்று எடுத்து இணையத்தில் போட்ட வெள்ள வீடியோ ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதிலிருந்து நீரின் மேற்பரப்பு வேகத்தையும், முடிந்தால் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடியது என்பதையும், இரண்டிலும் பிழை எவ்வளவு என்பதையும் கணக்கிடப் போகிறீர்கள். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமைதான் வேண்டும்.

## தேவையானவை

- ஒரு கணினி, ஓரளவு நல்ல இணைய இணைப்பு
- வி.எல்.சி. பிளேயர் (வீடியோவை நிறுத்திவிட்டு ஆங்கில ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஃபிரேமாக, நகரும்)
- கூகுள் எர்த், அதிலுள்ள பழைய படங்களைக் காட்டும் வசதியோடு
- ‘டிராக்கர்’ என்ற இலவச இயற்பியல் மென்பொருள்; பழகிய பிறகு, ஆற்றுக்கென்றே உருவாக்கப்பட்ட ஃபுடா எல்.எஸ்.பி.ஐ.வி.
- ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது எக்செல் தாள்

## படி 1: தேடுவதும் தேர்ந்தெடுப்பதும்

1. உள்ளூர்ப் பெயரில் தேடுங்கள். மாவட்டத்தின் பெயரில் தேடினால் செய்திச் சேனல்கள்தான் வரும். படித்துறை, அணைக்கட்டு, தரைப்பாலம், ஆற்றங்கரைக் கோயில் ஆகியவற்றின் பெயர்களில் தேடினால் அந்த ஊர்க்காரர்கள் எடுத்தவை வரும். தமிழிலும் தேடுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியும் தேடுங்கள். எழுத்துப்பிழையோடும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

2. வெட்டப்படாத வீடியோவை எடுங்கள். பின்னணி இசை சேர்த்து, நாலைந்து ஊர்க் காட்சிகளை ஒட்டிய தொகுப்பு ஆய்வுக்கு ஆகாது. ஒரே இடத்தில் அசையாமல் நின்று எடுத்த 20 வினாடி போதும். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வீடியோதான் பெரும்பாலும் உங்களுக்கு உதவும்.

3. அசையாத பொருள்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பாலத்தூண், மின்கம்பம், படித்துறை, மண்டபத் தூண் போன்றவை குறைந்தது நான்கு வேண்டும். தண்ணீர் மட்டும் திரை முழுக்கத் தெரியும் வீடியோவில் எதையும் அளக்க முடியாது.

4. மூலத்தைத் தேடிப் போங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது பலமுறை சுருக்கப்பட்ட பிரதி. முதலில் பதிவேற்றியவரைக் கண்டுபிடித்து, அசல் கோப்பைத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். என்ன ஆய்வு, எதற்காக, அவர் பெயரைக் குறிப்பிடலாமா என்பதை நான்கு வரியில் எழுதினால் போதும்.

அசலைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு, சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. ஆனால் யூடியூபின் விதிமுறைகள் அனுமதியின்றித் தரவிறக்குவதைத் தடுக்கின்றன. எடுத்தவரின் சம்மதம் இருந்தால் இரண்டு சிக்கலும் தீரும். அசல் கோப்பில் தேதி, நேரம், சில சமயம் இடக் குறிப்பும் இருக்கும். பதிவேற்றிய பிரதியில் இவை பெரும்பாலும் அழிந்து போயிருக்கும்.

> குறிப்பு: வீடியோ கிடைத்த அன்றே அதன் முகவரி, சேனல் பெயர், பதிவேற்றிய தேதி, நீங்கள் பார்த்த தேதி நான்கையும் எழுதி வையுங்கள். வெள்ளம் வடிந்த சில மாதங்களில் இந்த வீடியோக்களில் பல காணாமல் போய்விடுகின்றன.

## படி 2: இடத்தை உறுதி செய்வது

தலைப்பில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வேறு மாநிலத்து வெள்ளம் நம் ஊர்ப் பெயரில் சுற்றுவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது.

1. வீடியோவை நிறுத்தி, கரையிலுள்ள கட்டடங்களைக் கைப்படமாக வரைந்துகொள்ளுங்கள்: இடமிருந்து வலமாக எது, எதற்குப் பின்னால் எது.
2. கூகுள் எர்த்தில் அந்த இடத்துக்குப் போய், வெள்ளத்துக்கு முந்தைய தேதியுள்ள படத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்.
3. இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் தெரிகின்றனவா என்று தேடுங்கள். உதாரணமாக, தண்ணீர்த் தொட்டி சரியாக ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் தெரிந்தால், எடுத்தவர் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில்தான் நின்றிருக்கிறார். இப்படி இரண்டு கோடுகள் கிடைத்தால் அவை வெட்டும் இடமே கேமரா இருந்த இடம்.
4. வீடியோ இடவலம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பலகை எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால், அல்லது வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போனால், அதைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வேலையைத் தவிர்க்காதீர்கள். கேமரா நின்ற இடம் தெரியாமல் படி 5-க்குப் போக முடியாது.

## படி 3: நேரத்தை உறுதி செய்வது

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. எந்த வெள்ளம்? அந்த வெள்ளத்தில் எந்த மணி?

முதல் கேள்விக்கு வீடியோவிலேயே சான்று இருக்கும். கோபுரத்தின் வண்ணத்தைப் பாருங்கள். குடமுழுக்குக்கு முன் ஒரு நிறம், பின் ஒரு நிறம். சுவரொட்டியில் எந்தத் திரைப்படம், சுவர் விளம்பரத்தில் எந்தத் தேர்தல் வேட்பாளர், பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலத்தின் தூண் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருட இடைவெளிக்குள் அடக்கிவிடலாம்.

இரண்டாவது கேள்வி கடினமானது. பதிவேற்றிய நேரம் எடுத்த நேரம் அல்ல. வீடியோ அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். சில தளங்கள் உலகப் பொது நேரத்தில் காட்டும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். டிசம்பர் 17 இரவு 7 மணி என்று காட்டினால் நமக்கு அது டிசம்பர் 18 அதிகாலை 12.30. தேதியே மாறிவிடுகிறது.

வெயில் அடித்தால் நிழலின் திசையை ‘சன்கால்க்’ தளத்தில் பொருத்திப் பார்க்கலாம். வெள்ள நாளில் வெயிலுக்கு எங்கே போவது? அப்போது ஒலியைக் கேளுங்கள். பள்ளிவாசல் பாங்கோசை, ரயில் பாலத்தைக் கடக்கும் வண்டி, பின்னால் ஓடும் தொலைக்காட்சிச் செய்தி ஆகியவற்றின் நேரம் வேறிடத்தில் பதிவாகியிருக்கும். 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலு விரிகுடாவில் வந்த சுனாமியை ஆராய்ந்தவர்கள் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளையும் மக்களின் வீடியோக்களையும் இப்படி நேரம் பொருத்தித்தான், நிலநடுக்கம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் அலைகள் கரையேறியதை நிறுவினார்கள்.

நேரம் உறுதியாகவில்லை என்றால் ‘காலை 6 முதல் 9 மணிக்குள்’ என்று எழுதுங்கள். மூன்று மணி நேர இடைவெளியை ஒப்புக்கொள்வது தவறான ஒரு நிமிடத்தைச் சொல்வதைவிட மேல்.

## படி 4: வீடியோ நிஜ வேகத்தில்தான் ஓடுகிறதா?

சின்னப் படிதான், ஆனால் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். வெள்ளத்தைப் பயங்கரமாகக் காட்ட வேகத்தைக் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. மெதுவியக்கத்தில் எடுத்தவர்களும் உண்டு.

- யாராவது நடக்கிறார்களா, பேசுகிறார்களா என்று பாருங்கள். நடையும் குரலும் இயல்பாக இருந்தால் வேகம் சரி.
- மேலிருந்து ஏதாவது விழுந்தால் நேரத்தைக் கணக்கிடுங்கள். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு ஏறத்தாழ 1 வினாடி ஆக வேண்டும்.
- கைபேசி வீடியோவில் வினாடிக்கு 30 சட்டம் என்று போட்டிருந்தாலும் வெளிச்சம் குறைந்தால் அது 24, 20 என்று இறங்கிவிடும். ஆகவே சட்டங்களை எண்ணி 30-ஆல் வகுக்காதீர்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் கோப்பில் பதிவான நேரத்தையே எடுங்கள்.

## படி 5: தூரமும் வேகமும்

வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது. நேரம் எளிது. தூரத்தில்தான் எல்லாத் தவறும் நடக்கும்.

எதைப் பின்தொடர்வது? நுரைத் திட்டு, ஆகாயத்தாமரை, மிதந்து வரும் வாழைமரம் ஆகியவை நல்லவை. தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும் பீப்பாயைக் காற்று தள்ளும். வேரோடு வரும் பெரிய மரம் அடியில் உரசிக்கொண்டு மெதுவாக வரும். அலையைப் பின்தொடரவே கூடாது. வேகமாக ஓடும் ஆற்றில் சில அலைகள் ஒரே இடத்தில் நிற்கும். சில ஓட்டத்துக்கு எதிராகவே நகரும். அலை நகர்வது வேறு, தண்ணீர் நகர்வது வேறு.

தூரத்தை எங்கிருந்து எடுப்பது? எதிர்க்கரையில் இரண்டு அடையாளங்களைக் கூகுள் எர்த்தில் அளக்கலாம். அருகில் ரயில் பாதை இருந்தால் இந்திய அகலப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1.676 மீட்டர். பாலத் தூண்களின் இடைவெளியை நெடுஞ்சாலைத் துறைப் பலகையிலிருந்தோ நேரில் நாடா பிடித்தோ எடுக்கலாம்.

இனி முக்கியமான இடம். கீழே உள்ள கணக்கைத் தாளில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒருவர் கரை மேட்டில் நின்று ஆற்றுக்குக் குறுக்கே பார்த்து வீடியோ எடுத்திருக்கிறார். அவரிடமிருந்து எதிர்க்கரை 100 மீட்டர். எதிர்க்கரையில் இரண்டு பனைமரங்கள், இடைவெளி 48 மீட்டர். நடு ஆற்றில் ஒரு நுரைத் திட்டு முதல் பனைக்கு நேராக வந்து, இரண்டாம் பனைக்கு நேராகப் போக 7.5 வினாடி ஆகிறது.

48-ஐ 7.5-ஆல் வகுத்தால் வினாடிக்கு 6.4 மீட்டர். இந்த விடை தவறு.

நுரை பனைமரங்களின் அடியில் ஓடவில்லை. கேமராவிலிருந்து 50 மீட்டரில், அதாவது பாதித் தூரத்தில் ஓடுகிறது. கேமராவிலிருந்து இரண்டு பனைகளுக்கும் கோடு இழுங்கள். எதிர்க்கரையில் 48 மீட்டர் அகலமுள்ள அந்த முக்கோணம், பாதி வழியில் 24 மீட்டர்தான் அகலம். நுரை கடந்தது 24 மீட்டர். 7.5-ஆல் வகுத்தால் வினாடிக்கு 3.2 மீட்டர்.

கண்ணால் பார்க்கும்போது தெரியாமலே வேகம் இரட்டிப்பாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க மூன்று வழிகள்:

1. எதிர்க்கரையை ஒட்டி ஓடும் பொருள்களை மட்டும் பின்தொடருங்கள். ஆனால் கரையோரம் ஓட்டம் மெதுவாகவே இருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பாலத்திலிருந்து ஆற்றின் போக்கிலேயே பார்த்து எடுத்த வீடியோவில், ஓட்டத் திசையில் உள்ள இரண்டு அடையாளங்களை எடுங்கள்.
3. ஃபுடா போன்ற மென்பொருளில், இடம் தெரிந்த புள்ளிகளைக் கொடுத்துச் சாய்ந்த படத்தை மேலிருந்து பார்த்த படமாக மாற்றுங்கள். புள்ளிகள் நீர்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவரையும் நீர்விளிம்பையும் ஒரே தளமாகக் கொடுத்தால் படம் கோணிவிடும்.

எடுத்தவரின் கை ஆடியிருந்தால், கரையிலுள்ள அசையாத புள்ளி ஒன்றையும் டிராக்கரில் சேர்த்துப் பின்தொடர்ந்து, அதன் நகர்வைக் கழித்துவிடுங்கள். ஒரே நுரையோடு நின்றுவிடாமல் குறைந்தது பத்துப் பொருள்களை அளந்து, நடு ஆறு, கரையோரம் எனத் தனித்தனியே எழுதுங்கள்.

## படி 6: கன அடிக்கு மாற்றுவது

மேற்பரப்பில்தான் தண்ணீர் வேகமாக ஓடும். அடியில் மண்ணும் கல்லும் அதைப் பிடித்து இழுக்கும். அதனால் மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். கரடுமுரடான ஆற்றில் 0.8, வழவழப்பான கான்கிரீட் கால்வாயில் 0.9 என்று எடுப்பார்கள். ஆற்றின் குறுக்கே எல்லா இடத்திலும் எடுத்த சராசரி 3.2 என்றே வைத்துக்கொள்வோம். 3.2 × 0.85 = 2.72.

அடுத்து வேண்டியது குறுக்குவெட்டுப் பரப்பு. கோடையில் ஆறு வற்றியிருக்கும்போது நாடாவும் மட்டக்கோலும் கொண்டு அளந்து, வீடியோவில் தெரியும் நீர்மட்டத்தை அதன்மேல் குறிக்க வேண்டும். அகலம் 90 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர் என்றால் பரப்பு 180 சதுர மீட்டர். 180 × 2.72 = வினாடிக்குச் சுமார் 490 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. ஆக, சுமார் 17,300 கன அடி.

இந்த எண்ணை இப்படியே வெளியிடாதீர்கள். வேகத்தில் 8 சதவீதம், 0.85-இல் 6 சதவீதம், பரப்பில் 10 சதவீதம் பிழை இருக்கலாம் என்றால், மூன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 14 சதவீதம் வரும். எனவே எழுத வேண்டியது ‘15,000 முதல் 20,000 கன அடி வரை’. வெள்ளம் ஆற்றுப்படுகையை அரித்தோ மணலைக் குவித்தோ இருந்தால் பிழை இன்னும் கூடும். அணையிலிருந்து திறந்துவிட்டதாக நீர்வளத்துறை அறிவித்த அளவோடு கடைசியில் ஒப்பிடுங்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டால், கை தானாக அந்த எண்ணை நோக்கியே கணக்குப் போடும்.

## நேரில் போகும்போது

வீட்டிலிருந்தே பெரும்பகுதியை முடிக்கலாம் என்றாலும், இடத்துக்குப் போய் அளந்தால் நம்பகம் பல மடங்கு கூடும். 2004 சுனாமியில் பண்டா ஆச்சேயில் உயிர் தப்பியவர்கள் எடுத்த வீடியோக்களிலிருந்து வினாடிக்கு 2 முதல் 5 மீட்டர் என்று வேகம் கண்டவர்கள், எடுத்த இடங்களுக்கே போய் அளந்தார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் கெசென்னுமாவில் லேசர் அளவீட்டுக் கருவியையும் கொண்டுபோனார்கள். அங்கே கிடைத்த உச்ச வேகம் வினாடிக்கு 11 மீட்டர்.

- வெள்ளம் முழுதும் வடிந்த பிறகே போங்கள். பாயும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஓரடி ஆழத்தில் சிறிய காரையே நகர்த்தும்.
- மணல் அள்ளிய குழிகள் தெளிந்த தண்ணீரில்கூடத் தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டாத இடத்தில் ஆற்றில் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இதுவே விதி.
- மேலே அணை இருந்தால் அன்று தண்ணீர் திறக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.
- கரையின் விளிம்பில் நிற்காதீர்கள். வெள்ளம் அடியில் குடைந்திருக்கும்.
- ஒதுங்கிய குப்பையில் பாம்பு இருக்கும். கையை விடுமுன் கோலால் தட்டுங்கள்.
- தனியாகப் போகாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘உங்கள் பக்கம் வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள்’ என்று மாணவர்களிடமோ ஊர்க்காரர்களிடமோ ஒருபோதும் கேட்காதீர்கள். எந்த அளவீடும் ஓர் உயிருக்கு ஈடாகாது. ஏற்கெனவே எடுத்ததை மட்டுமே கேளுங்கள்.

## வீடியோவில் இருக்கும் மனிதர்கள்

ஓட்டத்தை அளக்கும்போது ஒருவர் அடித்துச் செல்லப்படுவது திரையில் வரலாம். அந்தப் பகுதி அளவுக்குத் தேவையில்லை என்றால் வெட்டிவிடுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். அலறலைத் திரும்பத் திரும்பக் கேட்பது மனதைப் பாதிக்கும். வகுப்பில் காட்டும் முன் மாணவர்களிடம் சொல்லுங்கள். அவர்களில் யாருக்காவது அது சொந்த ஊராக இருக்கக்கூடும்.

கட்டுரையில் படம் போடும்போது முகங்களையும் வண்டி எண்களையும் மறையுங்கள். இழப்பில் நிற்கும் குடும்பத்தின் வீடு அடையாளம் தெரிய வேண்டியதில்லை.

முடிவு எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடியோக்கள் பகலில், ஊர் இருக்கும் இடத்தில், ஆள் நின்று எடுக்க முடிந்த நேரத்தில்தான் உருவாகின்றன. நள்ளிரவு உச்சமும், சிக்னல் இல்லாத மலைச்சரிவும், தப்பியோட வேண்டியிருந்த அந்த அரைமணி நேரமும் அவற்றில் இருக்காது. வீடியோ இல்லாத இடத்தில் வெள்ளம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

## பயிற்சி

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் அது மூழ்குவதை யாராவது எடுத்துப் போடுகிறார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தையும் வேறொரு ஆண்டின் சாதாரண வெள்ளத்தையும் காட்டும் வீடியோக்களைத் தேடுங்கள். வேகத்தை இப்போது விட்டுவிடுங்கள். மண்டபத்தின் எந்த இடம் வரை தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டும் இரண்டிலும் குறியுங்கள். ஆறு வற்றிய பிறகு நேரில் போய், அந்த இரண்டு இடங்களின் உயர வேறுபாட்டை அளந்தால், உங்கள் முதல் அளவீடு கிடைத்துவிடும்.

அதை எழுதி முடித்ததும் அந்த வீடியோவை எடுத்தவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் எடுத்திருக்காவிட்டால் இந்த அளவீடே இல்லை.